வசனம் தெரிந்த பிள்ளைகள்

சனிக்கிழமை இரவு பத்து மணி. சிங்கப்பூரின் சுவா சூ காங்கில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் என் மகன் முதலாம் கொரிந்தியர் 13ஆம் அதிகாரத்தை மனப்பாடம் செய்துகொண்டிருந்தான். மறுநாள் ஓய்வுநாள் பள்ளியில் வசனப் போட்டி. காலையில் கணிதத் துணைப்பாடம், மாலையில் அறிவியல் என்று ஓடிவிட்டு உட்கார்ந்த பிள்ளைக்குக் கண் சொருகியது. பாதியில் தடுமாறி நின்றான். "சித்தி மகள் போன வருஷமே முதல் பரிசு வாங்கிட்டா, உனக்கு மட்டும் ஏன் ஏறமாட்டேங்குது?" என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டே சொல்லி முடித்தான். அன்பைப் பற்றிய அதிகாரத்தை என் பிள்ளையை அழவைத்துச் சொல்லவைத்தேன்.

மறுநாள் காலை சபைக்குப் போக, புக்கிட் பாஞ்சாங் வரை எல்ஆர்டி, அங்கிருந்து டௌன்டவுன் ரயிலில் லிட்டில் இந்தியா. ஞாயிற்றுக்கிழமைகளில் கட்டுமானத் தளங்களில் வேலை செய்யும் தம்பிகளும் அந்த ரயிலில் ஏறுவார்கள். ஒருவர் பக்கத்தில் இடம் காலியாக இருந்தது. மகன் உட்காரப் போனான். நான் கையைப் பிடித்து இழுத்து என் பக்கம் நிறுத்திக்கொண்டேன். ஏன் என்று கேட்டான். "சட்டை அழுக்காகிடும்" என்றேன். அந்தத் தம்பி தலையைக் குனிந்து கைப்பேசியைப் பார்க்கத் தொடங்கினார். அவருக்கும் தமிழ் தெரியும் என்பது எனக்கு அந்த நேரத்தில் உறைக்கவில்லை.

அன்று மகனுக்குப் பரிசு கிடைத்தது. அன்பு என்றால் என்ன என்பதை அவன் எதிலிருந்து கற்றிருப்பான்? இரவெல்லாம் உருப்போட்ட 13 வசனங்களிலிருந்தா, காலையில் நான் இழுத்த அந்த ஓர் இழுப்பிலிருந்தா?

2020இல் வெளிநாட்டு ஊழியர் விடுதிகளில் கொரோனா பரவியபோது சோப்பும் ரொட்டியும் பெட்டி பெட்டியாகக் கட்டி அனுப்பியவர்கள்தான் நாம். பிள்ளைகள் வண்ண அட்டைகளில் வாழ்த்து எழுதினார்கள். அது பொய்யில்லை, மனதாரத்தான் செய்தோம். ஆனால் பெட்டியில் வைத்து அனுப்பிய அன்பை, பக்கத்து இருக்கையில் உட்காரவைக்க நமக்கு வரவில்லை. ஓஃபிர் சாலையில் 1888இல் எழுந்த லூர்து அன்னை ஆலயம், இங்கே பிழைக்க வந்த தமிழ்க் கத்தோலிக்கருக்காகக் கட்டப்பட்டது. அன்று கப்பலில் வந்து இறங்கிய நம் முன்னோருக்கும் இன்று ரயிலில் உட்கார்ந்திருக்கும் அந்தத் தம்பிக்கும் என்ன வித்தியாசம்? நாம் இரண்டு மூன்று தலைமுறை முன்னால் வந்துவிட்டோம், அவ்வளவுதான்.

இதையெல்லாம் இன்று எழுதுவதற்குக் காரணம், மனதைவிட்டு அகலாத ஒரு பழைய செய்தி. 2021 ஜனவரியில் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை அதை அறிவித்தது. 16 வயது மாணவன். இந்திய இனம். புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவன். உட்லண்ட்ஸிலும் செம்பவாங்கிலும் உள்ள இரண்டு பள்ளிவாசல்களுக்குள் புகுந்து, தொழ வந்தவர்களை வெட்டத் திட்டமிட்டிருந்தான். அதற்கு அவன் குறித்திருந்த நாள் 2021 மார்ச் 15. நியூசிலாந்தின் கிரைஸ்ட்சர்ச்சில் 51 முஸ்லிம்களைச் சுட்டுக் கொன்ற தாக்குதலின் இரண்டாம் ஆண்டு நாள் அது. அந்தத் தாக்குதலின் காணொளியைப் பார்த்தே அவன் மனம் அந்தப் பக்கம் சாய்ந்திருந்தது. ஐஎஸ் அமைப்பின் படங்களைப் பார்த்து, இதுதான் இஸ்லாம் என்று நம்பியும் விட்டான். நல்லவேளையாக முன்னதாகவே பிடிபட்டான்.

உட்லண்ட்ஸ் எங்கள் சுவா சூ காங் நிலையத்திலிருந்து நான்காவது நிறுத்தம்.

வீட்டாருக்கு அவன் திட்டம் எதுவும் தெரியாது என்று அப்போதே சொன்னார்கள். அந்தப் பெற்றோரைக் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. அந்த வீட்டைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. என் வீட்டைப் பற்றித் தெரியும். செய்தி வந்த வாரம் ஆராதனை முடிந்து காபி குடிக்கும்போது, "நம்ம சபைப் பையன் இல்லையாம்" என்று ஒருவருக்கொருவர் சொல்லி ஆறுதலடைந்தோம். நம் பிள்ளைகள் கைப்பேசியில் என்ன பார்க்கிறார்கள் என்று அதற்குப் பிறகாவது கேட்டோமா? ஒரு காணொளி வந்து "முஸ்லிம்கள் இப்படித்தான்" என்று சொன்னால், "இல்லை, எனக்குத் தெரிந்தவர்கள் அப்படியில்லை" என்று சொல்ல அவர்களுக்கு எத்தனை முஸ்லிம் வீடுகளைத் தெரியும்?

எங்கள் எதிர்வீடு மலாய்க் குடும்பம். 1989இலிருந்து வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் ஒவ்வொரு புளோக்கிலும் இன விகிதம் பார்த்தே வீடு கொடுக்கிறது. அதனால் சிங்கப்பூரில் எதிரெதிர் வீட்டில் இருப்பது சுலபம். நோன்புப் பெருநாளுக்கு அவர்கள் பலகாரம் தருவார்கள், கிறிஸ்துமஸுக்கு நாங்கள் கேக் கொடுப்போம். அதோடு கதவு சாத்திக்கொள்ளும். போன வருஷம் அவர்கள் மூத்த மகனுக்குக் கீழ்த்தளத்தில் கல்யாணம். என் மகள் போக ஆசைப்பட்டாள். அவளைத் துணைப்பாடத்துக்கு அனுப்பிவிட்டு, உறையில் பணம் வைத்துக் கொடுத்தேன். இரவு சாப்பிடும்போது கொம்பாங் மேளச் சத்தத்தில் தலைவலி என்று ஆரம்பித்து, "இவங்க எப்பவும் இப்படித்தான்" என்று முடித்தேன். மகள் தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

இந்த 'இவங்க' நம் வீடுகளில் எத்தனை பேருக்குப் பொருந்துகிறது என்று எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா? சீனர்கள் ஒரு இவங்க. புதிதாக ஊரிலிருந்து வந்து பெரிய சம்பளம் வாங்கும் தமிழர்கள் இன்னொரு இவங்க. அவர்கள் வீட்டில் நாம் இவங்க. 2024இல் உயர்நிலைப் பள்ளிகளில் எக்ஸ்பிரஸ், நார்மல் என்ற பிரிவுகளை எடுக்கத் தொடங்கினார்கள். பாட நிலையைக் குறிக்கும் ஜி எண்ணை வைத்துப் பிரிப்பதை நாம் விடவில்லை. பிள்ளை ஒரு தோழியின் பெயரைச் சொன்னதும், "அவ ஜி3ஆ, ஜி1ஆ?" என்று கேட்கிறோம். பதிலைக் கேட்டு நம் முகம் மாறுவதைப் பிள்ளை பார்க்கிறாள். அடுத்த வாரம் அந்தப் பெயர் வீட்டில் வருவதே இல்லை.

நாம் கெட்டவர்கள் இல்லை. பயந்தவர்கள். பிள்ளை பின்தங்கிவிடக் கூடாது, கெட்ட சேர்க்கையில் விழக் கூடாது, விசுவாசத்தை விட்டுவிடக் கூடாது. அந்தப் பயத்தில் வீடு, பள்ளி, துணைப்பாடம், சபை என்று நான்கு சுவருக்குள் வைத்து வளர்க்கிறோம். அதற்குள்ளும் ஓயாமல் ஓட்டுகிறோம். களைத்த பிள்ளைக்கு அடுத்தவரை நிமிர்ந்து பார்க்க ஏது நேரம்? நல்ல சமாரியன் கதையை என் பிள்ளைகள் தூக்கத்திலும் சொல்வார்கள். அடிபட்டுக் கிடந்தவனை விலகிக் கடந்துபோன இருவரும் ஆலயப் பணிவிடைக்காரர்கள். அவர்களுக்கும் வேதம் தெரிந்திருந்தது. உதவியவன் யூதர்கள் வீட்டுக்குள் விட விரும்பாத ஆள். நம் வீட்டில் அந்த ஆள் யார் என்று நம் பிள்ளைகளைக் கேட்டால் சரியாகச் சொல்லிவிடுவார்கள். நம்மிடம் கேட்டுக் கேட்டு வளர்ந்தவர்களாயிற்றே.

எதிர்வீட்டு இளைய மகனுக்கு அடுத்த மாதம் கல்யாணம். அதே ஞாயிற்றுக்கிழமை வசனப் போட்டியின் அடுத்த சுற்றும் வருகிறது. மகனை அதற்கு அனுப்பப் போவதில்லை என்று ஓய்வுநாள் பள்ளி ஆசிரியரிடம் சொல்லிவிட்டேன். நாங்கள் நால்வரும் கல்யாணத்துக்குப் போகிறோம். உங்கள் புளோக்கிலும் இப்படி ஓர் அழைப்பு வந்திருக்கும். உறையை மட்டும் அனுப்பாதீர்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய், உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.