விண்ணை ஆராயும் மாணவர்க்கு வேதனம் தருவது யார்?

"வயலுக்கு உரமில்லை, ஆசுபத்திரியில் மருந்தில்லை, இதற்குள் நட்சத்திர ஆராய்ச்சி ஒரு கேடா?" 2021 இல் இரசாயன உரத்தைத் தடைசெய்த அரசாங்கத்தையும், 2022 இல் கடனை இறுக்க வழியின்றிக் கைவிரித்த திறைசேரியையும் கண்ட கமக்காரன் இவ்வாறு கேட்பானாயின், அவனைக் குறைகூற நாம் துணியோம். ஆயினும் அக்கேள்விக்குப் பின்னால் ஒரு பிழையான கணக்கு உண்டு. வானியலில் மேற்படிப்பு என்றவுடன் மலையுச்சியில் ஒரு பெருந்தொலைகாட்டியும், அதற்குக் கொட்டப்படும் கோடிக்கணக்கான பணமுமே நம்மவர் கண்முன் தோன்றுகின்றன. அத்துறையின் வரலாற்றை நோக்குவோர் வேறொன்றையும் காண்பர். சென்ற நூற்றாண்டில் வானியலின் அடித்தளத்தையே மாற்றிய கண்டுபிடிப்புக்கள் சில, உத்தியோகமும் பெயரும் இல்லாத மாணவர்களாற் செய்யப்பட்டவை. அம்மாணவர்க்குச் சில ஆண்டுகள் எவரோ சோறும் உறையுளும் கொடுத்திருந்தனர். நாம் இன்று பேச விரும்புவது அந்தச் சோற்றைப் பற்றியே.

வட அயர்லாந்தில் பிறந்தவர் ஜொசலின் பெல். அவர் சிறுமியாயிருந்த காலத்தில் அவருடைய பாடசாலையில் ஆண்பிள்ளைகளை விஞ்ஞான வகுப்புக்கும், பெண்பிள்ளைகளை மனையியல் வகுப்புக்கும் அனுப்பினர். பெற்றோர் சென்று முறையிட்ட பின்னரே அவர் விஞ்ஞான வகுப்பில் அமர முடிந்தது. 1965 இல் கலாநிதிப் பட்டத்துக்காகக் கேம்பிரிட்ஜை அடைந்த அவர் புத்தகத்தோடு சம்மட்டியும் பிடிக்க வேண்டியதாயிற்று. நாலரை ஏக்கர் நிலத்தில், நாம் வேலிக்குக் கதியால் நடுவது போல, ஆயிரத்துக்கு மேற்பட்ட கம்பங்களை நட்டு, 120 மைல் நீளமான கம்பியை இழுத்துக்கட்டி, ஒரு வானொலித் தொலைகாட்டியை அவரும் தோழரும் ஈராண்டுகளில் தம் கைகளாலேயே அமைத்தனர்.

1967 யூலையில் அக்கருவி வேலைசெய்யத் தொடங்கிற்று. நாளொன்றுக்கு 96 அடிக் காகிதத்தில் அது கோடு கீறித் தள்ள, அத்தனையையும் அவர் கண்ணாலேயே வாசித்தார். நூற்றுக்கணக்கான அடிக் காகிதத்தில் அரை அங்குலமும் தேறாத ஒரு கீறல் அவர் மனத்தை உறுத்தியது. அறியப்பட்ட எந்த விண்பொருளுக்கும் அது பொருந்தவில்லை. மனிதர் உண்டாக்கும் இரைச்சலுக்கும் பொருந்தவில்லை. வேறொருவராயின் விட்டிருப்பர். நவம்பரில் காகிதத்தை வேகமாக ஓடவிட்டுப் பார்த்தபோது, 1.3 செக்கனுக்கு ஒருமுறை தப்பாது வரும் துடிப்பு புலனாயிற்று. சூரியனை விஞ்சிய பாரத்தை ஒரு பட்டினத்தின் அளவுக்குள் அடக்கிச் சுழலும் நியூத்திரன் விண்மீன் அது. 1974 இல் அதற்கு நோபல் பரிசும் கிடைத்தது. மேற்பார்வை செய்த பேராசிரியர் அன்ரனி ஹியூவிஷுக்கே கிடைத்தது. மாணவியின் பெயர் அங்கே இல்லை. இத்தகைய பரிசுகள் மாணவர்க்கு உரியனவல்ல என்று அவ்வம்மையார் பெருந்தன்மையோடு கூறிவிட்டார். நமக்கு அத்தனை பெருந்தன்மை இல்லை. அதை அநீதி என்றே சொல்வோம்.

2018 இல் அவருக்கு 30 இலட்சம் டொலர் கொண்ட வேறொரு பரிசு கிடைத்தது. அதில் ஒரு சதமும் எடுக்காது, முழுவதையும் பௌதிகவியலில் கலாநிதிப் பட்டத்துக்குக் கற்போரின் உபகாரச் சம்பளத்துக்கென்று ஒப்படைத்தார். யாருக்கு? பெண்களுக்கும், அத்துறையில் இடம் குறைந்த சிறுபான்மை இனத்தவருக்கும், அகதிகளுக்கும். கேம்பிரிட்ஜில் தாமும் ஒரு சிறுபான்மையே என்றும், தகுதியற்றவள் என்று என்றாவது வெளியே தள்ளிவிடுவர் என்ற அச்சமே தம்மை அத்தனை கவனமாக உழைக்கச் செய்தது என்றும் அவர் கூறியிருக்கிறார். அந்த அச்சம் இன்னதென்று நம்மவர்க்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

அவருக்கு முன்னரும் இக்கதை நடந்ததுண்டு. இங்கிலாந்தில் பெண்ணுக்கு வழியில்லை என்று கண்டு, சிறிய உபகாரச் சம்பளமொன்றை நம்பி 1923 இல் அமெரிக்காவின் ஹார்வர்டுக்குச் சென்றவர் சிசிலியா பெயின். விண்மீன்களிற் பெரும்பகுதி ஐதரசனே என்று 1925 இல் தம் ஆய்வேட்டில் காட்டினார். அது நடவாத காரியம் என்று அக்காலத்துப் பெரும்புலவர் ஹென்றி நொரிஸ் ரசல் மறுக்கவே, அம்முடிவு உண்மையாயிராது என்று ஏட்டிலேயே எழுதிவைக்க நேர்ந்தது. நான்கு ஆண்டுகளின் பின் ரசலும் வேறு வழியால் அதே முடிவுக்கு வந்தார். நம்மினத்து சந்திரசேகரின் வரலாற்றைப் பலரும் அறிவர்: சென்னையிற் பட்டம் பெற்று, 1930 இல், 19 வயதில், அரசாங்க உபகாரச் சம்பளத்தோடு கப்பலேறியவர், கப்பலிலேயே தொடங்கிய கணக்கை 1935 இல் எடிங்டன் சபையில் வைத்து எள்ளி நகையாடினார், 1983 இல் நோபல் பரிசு. அச்சம்பளத்தைக் கொடுத்தது அந்நிய ஆட்சி என்பதைச் சுயாட்சி பெற்றோர் சற்றே நினைவில் வைப்பது நன்று.

இனி நம் நாட்டு நிலைக்கு வருவோம். வடக்குக் கிழக்கில் யாழ்ப்பாணம், வவுனியா, கிழக்கு, தென்கிழக்கு என நான்கு சர்வகலாசாலைகள் உள்ளன. ஒவ்வொன்றும் தனித்தனியே வானியலுக்கு ஒரு பகுதியை நிறுவும் என்று எதிர்பார்ப்பது பகற்கனவு. ஆனால் தென்னாபிரிக்கர் செய்ததை நாம் ஏன் செய்யக்கூடாது? நிறவெறி ஆட்சி ஒழிந்து பத்து ஆண்டுகளும் நிறையாத 2003 இல், அந்நாட்டுச் சர்வகலாசாலைகள் பல ஒன்றுகூடி, தத்தம் வானியல் ஆசிரியர்களைத் திரட்டி, கேப் டவுணில் ஒரே வகுப்பாகப் பட்டப்பின் படிப்பைத் தொடங்கின. சதர்லாந்து மலைப்புறத்தில் அவர்களுடைய பெருந்தொலைகாட்டி திறக்கப்பட்டது 2005 இல். மாணவரை முதலில் தேடினர். தொலைகாட்டி பின்னர் வந்தது.

நமக்கோ அந்தத் தொலைகாட்டியும் உடனடியாகத் தேவையில்லை. ஐரோப்பியர் 2013 இல் ஏவிய கையா என்னும் விண்கலம் அளந்த ஏறக்குறைய 180 கோடி விண்மீன்களின் அட்டவணை 2022 இல் வெளியாயிற்று. அதைப் பெறக் கட்டணம் இல்லை. வட்டுக்கோட்டையில் இருந்து கேட்பவனுக்கும் வாஷிங்டனில் இருந்து கேட்பவனுக்கும் கிடைப்பது ஒன்றே. (அந்த வட்டுக்கோட்டைச் செமினரியில் 1823 முதல் தமிழ் இளைஞர் வானசாஸ்திரம் கற்றனர் என்பதைப் பழம்பெருமை பேசுவோர் பொருட்டு இடையிற் சொல்லி வைக்கிறோம்.) வேண்டியவை கணிதத்தில் உறுதியான அடிப்படை, நல்ல கணினி, வழிகாட்டும் ஆசிரியர் ஓரிருவர், மாதந்தோறும் தவறாது வரும் வேதனம். கடைசியாகச் சொன்னது இல்லையேல் முன்னைய மூன்றும் வீண். கெட்டிக்கார மாணவி ஒருத்தி பட்டம் பெற்ற மறுமாதமே வங்கிப் பரீட்சைக்கு விண்ணப்பிக்கிறாள் என்றால் காரணம் ஆர்வக்குறைவா? வீட்டில் தங்கையின் படிப்பும் தோட்டக் கிணற்று இயந்திரத்தின் கடனும் அவளை நோக்கி நிற்கின்றன.

"வைத்தியம், எந்திரவியல் இரண்டையும் விட்டால் வேறு படிப்பு ஏது?" என்னும் பெற்றோரிடமும் ஒரு சொல். அவ்விரண்டுக்கும் இடம் சிலருக்கே. எஞ்சிய கெட்டிக்காரரை நாம் தோற்றவர் என்று முத்திரை குத்தி அனுப்புகிறோம். விண்மீனின் ஒளியைப் பகுக்கப் பழகியவன் கணினியையும் புள்ளிவிபரத்தையும் கையாளப் பழகியவனே. அவன் வேறு தொழிலுக்குச் சென்றாலும் பட்டினி கிடவான். பிறநாடு சென்று திரும்பமாட்டான் என்பர். சிலர் திரும்பார்; சந்திரசேகரும் திரும்பவில்லை. இங்கேயே முதுமாணிப் பட்டம் வரை கற்பிக்க வகைசெய்தால், திரும்பாதோர் போக எஞ்சுவோர் நம் பாடசாலைகளின் பௌதிகவியல் ஆசிரியராவர். அவ்வாசிரியர்க்கு எத்தனை பாடசாலைகள் காத்திருக்கின்றன என்பதை வன்னிப் பெற்றோரைக் கேட்டறிக.

எனவே நான்கு சர்வகலாசாலைகளின் மூதவைகளும் பொதுவான முதுமாணிப் பாடநெறி ஒன்றைப் பற்றிக் கூடிப் பேசவேண்டும் என்று கேட்கிறோம். அரசாங்கம் அதற்குரிய அனுமதியை மேசையில் உறங்கவிடாது தரவேண்டும். தெரிவில் பெண்பிள்ளைகளுக்கும், தோட்டப்புறத்திலும் மீள்குடியேறிய கிராமங்களிலும் இருந்து வருவோர்க்கும் முதலிடம் வேண்டும். மாணவர் கண்டுபிடித்தது மாணவர் பெயரிலேயே வெளிவர வேண்டும் என்பதும் எழுத்தில் இருக்கட்டும். முதற் பத்துப் பேருக்குரிய வேதனத்தை இலண்டனிலும் தொறன்ரோவிலும் உள்ள பழைய மாணவர் சங்கங்கள் ஏற்கலாம். அடுத்த ஆண்டுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில், இராப்போசன விருந்துக்கு முன்னதாக, இதற்கென ஒரு வரி சேர்த்தாற் போதும்.