விழுபவரும் நம்மவரே

பக்திக்குப் பக்கத்திலேயே சாகசத்துக்கும் இடம் ஒதுக்கிவைத்த மண் காவிரிப் படுகை. மன்னார்குடி ராஜகோபால சுவாமிக்குப் பங்குனியில் 18 நாள் பெருவிழா. வெண்ணெய்த்தாழியன்று பல்லக்கில் வரும் பெருமாள்மீது வெண்ணெய் வீசத் திரளும் கூட்டத்தை வீதி கொள்ளாது. இந்தப் பக்கத்துத் தேர்த் திருவிழாக்களையும் கந்தூரிகளையும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, ராட்டினத் திடலின் ஓரத்தில் பலகைகளால் எழுப்பிய மரணக் கிணறும் நினைவிருக்கும். விளிம்புக் கம்பியைப் பிடித்துக் குனிந்து பார்த்தால், சைலன்சர் கழற்றிய மோட்டார் சைக்கிள் அடியிலிருந்து சுற்றிச் சுற்றிச் சுவரேறி வரும். பலகைகள் அதிரும். எரிந்த எண்ணெயின் வாடை முகத்தில் அடிக்கும். ஓட்டுகிறவர் இரண்டு கைகளையும் விட்டுவிட்டு, நாம் நீட்டிய பத்து ரூபாய்த் தாளைப் பறித்துக்கொண்டு கீழே இறங்குவார். அவருடைய பெயரை நாம் கேட்டதில்லை. திருவிழா முடிந்ததும் அந்தக் கிணறு லாரியில் ஏறி அடுத்த ஊருக்குப் போய்விடும்.

இன்றைக்கு மண் தடத்தில் மேடு மேடாகத் தாவும் சூப்பர்கிராஸ் பைக் பந்தயங்கள் வாரயிறுதித் திருவிழாக்களாக வளர்ந்துவருகின்றன. கோயம்புத்தூரில் தேசியப் போட்டியின் சுற்றுகள் நடந்திருக்கின்றன. 2024 டக்கார் பந்தயத்தில் ஓசூரின் டி.வி.எஸ். அணிக்காக ஓட்டிய கேரளத்து ஹரித் நோவா தம் பிரிவில் முதலிடம் பெற்றார். இதெல்லாம் காலம் கெட்டுப்போனதன் அடையாளம் என்று முகம் சுளிப்பவர்கள், மன்னார்குடிக்குத் தென்மேற்கே பேராவூரணி, அறந்தாங்கிப் பக்கம் கோயில் திருவிழாக்களில் நடக்கும் மாட்டு வண்டிப் பந்தயத்தை ஒருமுறை பார்க்கவேண்டும். பெரிய மாடு, நடுமாடு, கரிச்சான் மாடு, பூஞ்சிட்டு என்று பிரித்து, எல்கையைத் தொட்டுத் திரும்பும் வண்டிகளுக்குச் சாலையின் இருபுறமும் ஊரே திரண்டு நிற்கும். சென்னைக்கு வடக்கே சோழவரத்தில், போர்க்காலத்து விமான ஓடுதளம் ஒன்று வெறுமனே கிடந்தபோது, 1953இல் தோன்றிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அதைப் பந்தயக் களமாக்கியது. பல்லாண்டுகள் அங்கே கூடிய கூட்டத்தின் ஆரவாரமும் இதே சாதிதான். வேகத்தின் மீது மனிதனுக்குள்ள ஆசை மாட்டிலிருந்து எந்திரத்துக்கு மாறியிருக்கிறது, அவ்வளவே.

அந்த ஆசைக்குத் தூபம் போட்டது திரைப்படம். புதுக்கோட்டையில் பிறந்த நாகலிங்கம், கட்டுடலின் பலத்தால் ராஜா சாண்டோ ஆகி, 1920களில் பம்பாய் மௌனப் படங்களில் சண்டை போட்டுப் புகழ்பெற்றார். 1937இல் வந்த ‘மின்னல் கொடி’யில் கே. டி. ருக்மிணி ஆண் வேடம் பூண்டு சாகசம் செய்தார். அதே புதுக்கோட்டையின் பி. யு. சின்னப்பா சிலம்பம் கற்றுத் தேர்ந்தவர். அக்காலத்து ரசிகன் திரையில் பார்த்ததைத் தன் ஊர்ச் சிலம்பக் களத்தில் செய்துபார்த்தான். இன்று ‘வலிமை’ (2022) பார்த்துவிட்டு முன்சக்கரத்தைத் தூக்கி ஓட்டிப் பார்க்கிற பிள்ளை அவனுடைய பேரன். அதில் நடித்த அஜித்குமார் உண்மையிலேயே பந்தய வீரர் என்பதும், 2010இல் ஃபார்முலா டூ களத்தில் ஓட்டியவர் என்பதும், அவர் ஓட்டியது வேலியிட்ட தடத்தில் என்பதும் அந்தப் பிள்ளைக்கு யாராவது எடுத்துச் சொல்லவேண்டும்.

அமெரிக்காவிலும் கதை இப்படித்தான். கலிபோர்னியாவின் லேக் எல்சினோர் என்ற சிறு ஊரில் 1968 முதல் தெருவும் மண்மேடும் கலந்த தடத்தில் நடந்த பைக் பந்தயத்தை, 1971இல் புரூஸ் பிரவுன் எடுத்த ‘ஆன் எனி சண்டே’ என்ற படம் உலகறியச் செய்தது. அதில் தோன்றிய நட்சத்திரம் ஸ்டீவ் மக்குயின், பந்தயங்களில் புனைபெயரில் ஓட்டும் அளவுக்கு மண் தடத்தை நேசித்தவர். ஆனால் அவருக்குப் பெயர் வாங்கிக்கொடுத்த ‘தி கிரேட் எஸ்கேப்’ (1963) படத்தின் முள்வேலித் தாவலைச் செய்தவர் பட் எகின்ஸ் என்ற சாகசக் கலைஞர். முகம் ஒருவருடையது, உடல் இன்னொருவருடையது. திரையுலகில் நெடுங்காலமாகத் தொடரும் வழக்கம் இது.

நம் டெல்டாவே இதற்கு இரண்டு சாட்சி வைத்திருக்கிறது. 1959இல் சீர்காழியில் ‘இன்பக்கனவு’ நாடகம். சண்டைக் காட்சியில் எம்.ஜி.ஆர். தூக்கிய சக நடிகர் குண்டுமணி அவர் மீதே விழ, எம்.ஜி.ஆரின் கால் எலும்பு முறிந்தது. நாடே பதறியது. அறுபத்தாறு ஆண்டுகள் கழித்து, 2025 ஜூலை 13, ஞாயிற்றுக்கிழமை. நாகப்பட்டினம் மாவட்டம் விழுந்தமாவடியில் பா. இரஞ்சித்தின் ‘வேட்டுவம்’ படப்பிடிப்பு. சாய்தளத்தில் ஏறித் தாவிய கார் கவிழ்ந்து, அதை ஓட்டிய மோகன்ராஜ் உயிரிழந்தார். திரையுலகில் எஸ். எம். ராஜு என்று அறியப்பட்டவர். எத்தனையோ படங்களில் நாம் கைதட்டிய தாவல்கள் அவருடையவை. அவர் பெயரை நம்மில் பெரும்பாலோர் அன்றுதான் கேட்டோம். சீர்காழியில் அடிபட்டவருக்கு முகம் இருந்தது, விழுந்தமாவடியில் விழுந்தவருக்கு இல்லை. அந்த வேறுபாட்டை உண்டாக்கியவர்கள் நாம், பார்வையாளர்கள்.

மாற்றம் மெல்ல வருகிறது. தேசியத் திரைப்பட விருதில் சண்டைப் பயிற்சிக்கென்று ஒரு பிரிவு 2017இல்தான் வந்தது. முதலில் பெற்றவர் நம் காரைக்காலில் பிறந்த பீட்டர் ஹெய்ன். ஆஸ்கரில் 2028இல்தான் இத்தகைய விருதை முதன்முதலாக வழங்கப்போகிறார்கள். சல்லிக்கட்டின் வரலாறும் நினைக்கத்தக்கது. 2014இல் உச்ச நீதிமன்றம் தடைவிதித்தது, 2017இல் மெரினாவில் போராட்டம் எழுந்தது, சட்டம் திருத்தப்பட்டது, 2023இல் அரசியல் சாசன அமர்வு அதை ஏற்றது. களத்துக்குத் தடுப்பு வேலியும் மருத்துவக் குழுவும் வந்து சேர்ந்தன. வீரம் அதனால் குறைந்துவிடவில்லை.

ஆகவே திருவாரூர், தஞ்சை, நாகை மாவட்டங்களில் பைக் பந்தயம் நடத்த முன்வருபவர்களிடம் ஊர்ப் பெரியவர்கள் நான்கைக் கேட்டு வாங்கவேண்டும்: சாலையைவிட்டு விலகிய திடல், கூட்டத்துக்கும் தடத்துக்கும் நடுவே இரட்டை வேலி, களத்திலேயே ஆம்புலன்ஸ், ஓட்டும் ஒவ்வொருவருக்கும் காப்பீடு. ஓட்டுகிறவர்கள் அத்தனை பேரின் பெயரையும் நோட்டீஸில் அச்சிடச் சொல்லவேண்டும். இவற்றுக்கு ஒப்பாதவர்களுக்கு ஊர்த் திடலைக் கொடுக்கக் கூடாது.