ரத்தப் பரிசோதனைக்குக் காத்திருக்க வேண்டாம்

ஆட்டிசத்தை ரத்தத்திலேயே கண்டுபிடிக்கலாம் என்ற செய்தியை நம்பி திண்டுக்கல் மாவட்டம் நத்தத்துப் பெற்றோர் ஆய்வகம் தேடி அலைய வேண்டியதில்லை. 2018-இல் இங்கிலாந்தின் வார்விக் பல்கலைக்கழகக் குழு ரத்தப் புரதச் சிதைவில் ஒரு தடயம் கண்டது. ஆராய்ந்தது 69 குழந்தைகளை மட்டுமே. வயதும் 5 முதல் 12 வரை. நமக்கு வேண்டியது இரண்டு வயதுப் பிள்ளைக்கான விடை.

பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாத, விரல் நீட்டிக் காட்டாத குழந்தையை அங்கன்வாடியிலேயே கவனித்துவிடலாம். ‘ஆம்பளப் புள்ள மெதுவாத்தான் பேசும்’ என்று வீட்டார் தள்ளிப்போடும் மாதங்கள்தான் திரும்ப வராதவை. பேச்சுப் பயிற்சிக்காக ஒவ்வொரு முறையும் கூலியை இழந்து ஒரு தாய் திண்டுக்கல்லுக்குப் பஸ் ஏறுவது எத்தனை நாள் நடக்கும்? வேடசந்தூர், நத்தம், ஒட்டன்சத்திரம் அரசு மருத்துவமனைகளில் வாரம் ஒரு நாளாவது உளவியலாளரும் பேச்சுப் பயிற்சியாளரும் இருக்கச் சுகாதாரத் துறை ஏற்பாடு செய்ய வேண்டும்.