கடகடக்கும் கட்டில்

காளவாசல் என்றால் சூளை என்று பொருள். மதுரைக் காளவாசலில் இன்று சூளையைத் தேடிப் போனால் வண்டிப் புகைதான் கண்ணில் படும். பைபாஸ் சாலையும் தேனி சாலையும் சந்திக்கிற இடம் அது. மேலே 2020-ல் திறந்த மேம்பாலம். கீழே ஓயாத போக்குவரத்து. அங்கிருந்து மேற்கே திரும்பினால் உசிலம்பட்டி, தேனி, போடி என்று போய், மூணாறு மலை ஏறிவிடலாம்.

அப்படி மலைக்குப் போகிற குடும்பங்களில் சில இப்போது லாட்ஜில் அறை தேடுவதில்லை. படுக்கை, அடுப்பு, குளியலறை எல்லாம் உள்ளேயே அமைந்த கேரவன் வண்டியில் புறப்பட்டுவிடுகிறார்கள். சினிமா நட்சத்திரங்களுக்கே உரியதாக இருந்த வண்டி, சம்சாரிகளுக்கும் வந்துவிட்டது. கேரள அரசு 2021-ல் கேரவன் சுற்றுலாவுக்கென்றே தனியாக ஒரு கொள்கை வகுத்தது.

வீடே வண்டி ஏறினால் வீட்டுத் தொல்லையும் கூடவே ஏறாதா? ஊர் எல்லை தாண்டுவதற்குள் பின்னால் கட்டில் 'கடகட'வென்று ஆரம்பித்துவிடும். குழந்தை திடுக்கிட்டு விழிக்கும். பாட்டி, "இதென்னடி அம்மா, மாட்டு வண்டியே தேவலை போலிருக்கிறதே!" என்பாள். வீட்டுக்காரர் ரேடியோவைப் பெரிதாக வைப்பார். சத்தம் அடங்கியது, சங்கடம் தீர்ந்தது என்று அவருக்கு எண்ணம்!

சகோதரிகளே, அங்கேதான் நீங்கள் குறுக்கிட வேண்டும். கட்டில் சும்மா சத்தம் போடுவதில்லை. "என்னைப் பிடித்திருக்கிற பிடி தளர்கிறது" என்று அது சொல்கிறது. 2024 ஜூன் மாதம், கேரளத்திலிருந்து டில்லிக்குப் போன ரயிலில் மேலே இருந்த படுக்கை விழுந்து, கீழே இருந்த பயணி ஒருவர் உயிரிழந்தார். படுக்கையில் பழுது இல்லை, சங்கிலி சரியாக மாட்டப்படவில்லை என்பது ரயில்வே தந்த விளக்கம். ஒரு கொக்கி, ஒரு சங்கிலி. அவ்வளவு சின்னச் சாமானில் ஓர் உயிர் தொங்குகிறது.

இறுக்கி முடுக்கிய நட்டு எப்படித் தானாகக் கழலுகிறது? ஜெர்மானியப் பொறியாளர் கெர்ஹார்ட் யுங்கர் 1969-ல் இதை விளக்கினார். சேர்ந்திருக்கும் இரண்டு பாகங்கள் பக்கவாட்டில் நழுவி நழுவி ஆடினால், நட்டு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிக் கழன்றுவிடும். மலைப் பாதையில் வண்டி இடமும் வலமும் திரும்பும்போது கட்டிலுக்கு நேருவது அதுதான்.

சத்தம் எங்கே என்று முதலில் கண்டுபிடியுங்கள். வண்டியை நிறுத்தி, மெத்தையை எடுத்துவிட்டு, கால், பலகை, கீல், கொக்கி என்று ஒவ்வொன்றாக ஆட்டிப் பாருங்கள். கையால் அழுத்தியதும் எந்த இடத்தில் சத்தம் நிற்கிறதோ, அதுதான் இடம். ஓடும் வண்டியில் எழுந்து போய்த் தேடாதீர்கள். கட்டிலில் யாரையும் படுக்கவும் விடாதீர்கள். பெல்ட் போட்டு உட்கார்ந்தபடி காதால் கேட்டுக்கொண்டு, வண்டி நின்ற பிறகு பாருங்கள்.

இரும்பும் இரும்பும் சேருமிடத்தில் நட்டு தளர்ந்திருந்தால் ஸ்பானரால் முடுக்குங்கள். மறுபடியும் தளர்ந்தால், பழைய நட்டை மாற்றிவிட்டு, உள்ளே நைலான் வளையம் உள்ள நட்டாகப் போடுங்கள். கடையில் 'நைலாக் நட்டு' என்று கேட்டால் கொடுப்பார்கள். சுருள் வாஷரை மட்டும் நம்ப வேண்டாம்.

பலகையில் திருகாணி ஆடினால், ஓட்டை பெரிதாகிவிட்டது என்று அர்த்தம். பசை தடவிய மூங்கில் குச்சியை அதில் செருகிக் காயவிட்டு, மறுபடி முடுக்கலாம். ஆனால் ஆள் படுக்கிற பாரத்தைத் தாங்கும் இடத்துக்கு இந்த வைத்தியம் போதாது. அங்கே பலகையை ஊடுருவிப் போகும் போல்ட்டும், மறுபுறம் அகலமான வாஷரும் வேண்டும்.

நட்டும் ஆணியும் கெட்டியாக இருந்தும் பலகை சட்டத்தில் மோதுகிறதா? பழைய சைக்கிள் டியூபைத் துண்டு போட்டு நடுவில் ஒட்டுங்கள். மரமும் மரமும் உரசிக் 'கிறீச்' என்றால் மெழுகுவத்தியைத் தேய்த்தாலே போதும். மடக்குக் கட்டிலின் கொக்கி தொளதொளவென்று இருந்தால் அதைச் சரிசெய்யுங்கள், அல்லது மாற்றுங்கள். துணியைத் திணித்தும் கயிற்றால் கட்டியும் ஒப்பேற்றாதீர்கள். சத்தம் ஓயும், ஆபத்து ஓயாது. தரையில் புதிதாக ஓட்டை போடும் வேலையைப் பட்டறைக்காரரிடம் விடுங்கள். அடியில் டீசல் குழாயும் பிரேக் குழாயும் மின்சாரக் கம்பியும் போகும்.

இன்னொரு யோசனை, இதற்கு உங்கள் அலங்காரப் பெட்டியே போதும். முடுக்கிய நட்டின்மேல் தொடங்கி, பக்கத்து இரும்புவரை நகப்பூச்சால் நேராக ஒரு கோடு இழுத்துவிடுங்கள். கோடு கோணினால் நட்டு திரும்பிவிட்டது என்று தெரிந்துகொள்ளலாம். காலையில் புறப்படுமுன் ஒரு பார்வை பார்த்தால் போதும்.

"எங்களிடம் கேரவன் ஏது?" என்கிறீர்களா? வீட்டு இரும்புக் கட்டிலுக்கும், குழந்தைகள் ஏறிக் குதிக்கிற அடுக்குக் கட்டிலுக்கும் இதே முறைதான். வண்டியை வாடகைக்கு எடுத்தாலும், முன்பணம் கொடுக்குமுன் கட்டிலை ஒரு முறை ஆட்டிப் பாருங்கள். "என்னம்மா, இதையெல்லாமா பார்ப்பீர்கள்?" என்று டிரைவர் சிரிக்கலாம். சிரிக்கட்டும். கத்தரிக்காயை விரலால் அழுத்திப் பார்த்து வாங்குகிறவர்கள்தானே நாம்? குழந்தை உறங்கப்போகிற கட்டிலை அழுத்திப் பார்க்க வெட்கம் எதற்கு?