அஞ்சலி முடிந்த பின் யார் விசாரிப்பது?

நெடும்பயணம் செல்லும் மோட்டார் சைக்கிள்காரர்களிடையே கடந்த இருபது ஆண்டுகளில் ஒரு துக்க முறை உருவாகியிருக்கிறது. குழுவில் ஒருவர் சாலையில் உயிரிழந்தால், அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில் அனைவரும் கூடுகிறார்கள். இறந்தவரின் தலைக்கவசம் ஒரு வண்டியின் இருக்கையில் வைக்கப்பட்டு மாலை சூட்டப்படுகிறது. பிறகு ஹாரன் ஒலியின்றி, இரண்டிரண்டு பேராக, அவர் வழக்கமாகச் சென்ற சாலையில் சிறிது தூரம் ஓட்டிச் செல்கிறார்கள். முன்வரிசையில் ஓர் இடம் காலியாக விடப்படுகிறது. விமானப்படையினர் தம் சக விமானிக்குச் செலுத்தும் மரியாதையிலிருந்து வந்த வழக்கம் இது.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது சற்று மிகையாகத் தோன்றலாம். 'வேகமாக ஓட்டினான், போய்விட்டான். இதற்கு ஊர்வலம் வேறா?' என்று கேட்பவர்கள் உண்டு. எனக்கு அந்த ஏளனத்தில் உடன்பாடில்லை. பல ஆண்டுகளாக இத்தகைய குழுவொன்றோடு பயணம் செய்துவருபவன் என்ற முறையில், அந்த நட்பின் தன்மையை நான் அறிவேன். ஒருவருடைய வண்டியின் டயர் எப்போது மாற்றப்பட்டது, மழையில் எந்த வேகத்தில் அவர் தயங்குவார், எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை தேநீர் கேட்பார் என்பதெல்லாம் நமக்குத் தெரியும். ஆனால், அவர் தாயாரின் பெயரை முதன்முதலாகக் கேட்பது அவர் வீட்டு வாசலில் பந்தல் போட்ட பிறகுதான். சாதியையும் சம்பளத்தையும் விசாரிக்காமல் உருவாகும் நட்புகள் நம் சமூகத்தில் அதிகமில்லை. அப்படியொரு நட்பு தனக்கென ஒரு சடங்கைத் தேடிக்கொள்வதில் குறைசொல்ல ஏதுமில்லை.

என் தயக்கம், அந்தச் சடங்கில் தவறாமல் சொல்லப்படும் ஒரு வாசகத்தைப் பற்றியது. 'தனக்குப் பிடித்ததைச் செய்துகொண்டிருந்தபோதே விடைபெற்றார்' என்பார்கள். குடும்பத்தாருக்கு அது ஆறுதல்தான். ஆனால், அவர் ஏன் இறந்தார் என்ற கேள்வியை அந்த வாசகம் கேட்கவிடாமலே மூடிவிடுகிறது.

ஜெய்ப்பூரைச் சேர்ந்த வீனு பாலிவாலின் மரணத்தை நினைவுபடுத்திக்கொள்ளலாம். ஹார்லி டேவிட்சன் மோட்டார் சைக்கிளில் நாடு தழுவிய பயணம் மேற்கொண்டிருந்த அவர், 2016 ஏப்ரல் 11 அன்று மத்தியப் பிரதேசத்தின் விதிஷா மாவட்டத்தில், கியாரஸ்பூர் அருகே வண்டி சறுக்கி விழுந்து உயிரிழந்தார். நாடெங்கும் பைக் பயணிகள் அவருக்கு அஞ்சலி செலுத்தினர். துணிச்சலான பெண் என்று நாளேடுகள் புகழ்ந்தன. அத்தனையும் அவருக்குத் தகும். ஆனால், அவர் முதலில் உள்ளூர் மருத்துவமனைக்கும் பின்னர் அங்கிருந்து விதிஷாவுக்கும் கொண்டுசெல்லப்பட்டார் என்ற செய்தி, அந்தப் புகழுரைகளின் நடுவே ஒரு வரியாக நின்றுவிட்டது. விபத்து நடந்த இடத்துக்கும் அறுவை சிகிச்சை செய்யக்கூடிய மருத்துவமனைக்கும் இடையிலுள்ள தூரம் ஓர் உயிரின் அளவுகோலாகிறது என்பதைப் பற்றி அந்த வாரம் பேசியிருக்க வேண்டும், பேசியவர்கள் குறைவு.

குழு விசாரிக்காவிட்டால் அரசு விசாரிக்கிறதா? விமானம் ஒன்று விழுந்தால் காரணத்தைக் கண்டறியத் தனி அமைப்பு வருகிறது. மோட்டார் சைக்கிள் விழுந்தால் வருவது பெரும்பாலும் முதல் தகவல் அறிக்கையின் ஒரே வாசகம்: 'அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்.' எதிரே வேறு வாகனம் இல்லையென்றால், இறந்தவரே குற்றம் சாட்டப்பட்டவர் ஆகிறார். குற்றம் சாட்டப்பட்டவர் உயிரோடு இல்லாததால் வழக்கு அத்துடன் முடிகிறது. சாலை அமைத்தவரையோ, பராமரித்தவரையோ எவரும் கேட்பதில்லை.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி 2022-இல் நாட்டில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். இவர்களில் 71.2% பேரின் மரணத்துக்கு அதிவேகமே காரணம் என்கிறது அறிக்கை. இந்த விழுக்காட்டை அமைச்சர்கள் மேடைதோறும் மேற்கோள் காட்டுவார்கள். ஆனால், அந்தப் புள்ளிவிவரம் பிறக்கும் இடம் ஆய்வுக்கூடம் அல்ல, காவல் நிலையம். விபத்துக்குப் பின் ஒரு வாகனத்தின் வேகத்தை அறிய, சறுக்கிய தடத்தை அளக்க வேண்டும். சேதத்தை ஆராய வேண்டும். அதற்கான பயிற்சியும் நேரமும் எத்தனை நிலையங்களில் இருக்கின்றன? சென்னை ஐஐடி உருவாக்கிய ஒருங்கிணைந்த சாலை விபத்துத் தரவுத்தளம் இப்போது நடைமுறையில் இருப்பது நல்ல தொடக்கம். எனினும், கருவியில் எதை உள்ளிடுவது என்பதை முடிவுசெய்வது அந்தப் பழைய வாசகத்துக்குப் பழகிய கைகள்தாம். மனிதன் தவறு செய்வான் என்பதை ஏற்றுக்கொண்டே சாலையை வடிவமைக்க வேண்டும் என்று, 2021-இல் மறைந்த டெல்லி ஐஐடி பேராசிரியர் தினேஷ் மோகன் வாழ்நாளெல்லாம் வாதிட்டார். ஸ்வீடன் 1997-லேயே அதைத் தேசியக் கொள்கையாக்கியது. நாம் இன்னும் ஓட்டுநரின் ஒழுக்கத்தையே பேசிக்கொண்டிருக்கிறோம்.

கடந்த ஆண்டு எங்கள் குழுவிலும் ஒருவரை இழந்தோம். பாலப் பணிக்காக நான்குவழிச் சாலை திருப்பிவிடப்பட்டிருந்த இடம். இரவு எட்டு மணி. திருப்பத்துக்கு முன் எச்சரிக்கைப் பலகை இல்லை. குறுக்கே வைத்திருந்த கான்கிரீட் தடுப்பில் ஒளிரும் பட்டையும் இல்லை. பணி நடக்கும் சாலையில் முன்னெச்சரிக்கைப் பகுதி எங்கே தொடங்க வேண்டும், வாகனங்கள் எப்படிப் படிப்படியாகத் தடம் மாற்றப்பட வேண்டும் என்பதற்கெல்லாம் இந்தியச் சாலைகள் காங்கிரஸ் 'எஸ்பி 55' என்ற தனி வழிகாட்டி நூலையே வெளியிட்டிருக்கிறது. அதில் சொல்லப்பட்ட எதுவும் அங்கே இல்லை. அறிக்கையில் எழுதப்பட்டது என்னவென்று வாசகர்கள் ஊகித்திருப்பீர்கள்.

அவருக்குப் பின்னால் வந்தவரின் தலைக்கவசத்தில் கேமரா இருந்தது. அதில் வேகமானி தெரியாது. பலகை இல்லாததும் தடுப்பு இருளில் கரைந்திருந்ததும் தெளிவாகத் தெரிகின்றன. அந்தப் பதிவை எவரும் கேட்கவில்லை. குழுவினரே நகலெடுத்து, எழுத்துமூலமான கடிதத்துடன் காவல் நிலையத்தில் ஒப்படைத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையும் வாங்கினார்கள். அஞ்சலி ஊர்வலத்தைவிட அந்த முத்திரை பெரிய மரியாதை என்று எனக்குப் பட்டது.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 'அதிவேகம்' என்பது இறந்தவரின் பெயருக்கு வரும் களங்கம் மட்டுமல்ல; அவர் குடும்பத்தின் வருவாயைத் தொடும் சொல். கர்நாடகத்தைச் சேர்ந்த ஒரு வழக்கில், தன் சொந்த அதிவேகத்தாலும் கவனக்குறைவாலும் உயிரிழந்தவரின் வாரிசுகளுக்கு இழப்பீடு வழங்கக் காப்பீட்டு நிறுவனத்துக்குப் பொறுப்பில்லை என்ற உயர் நீதிமன்றத் தீர்ப்பில் தலையிட 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. மூன்றாம் தரப்புக் காப்பீடு என்பதே மற்றவருக்கு நேரும் இழப்புக்கானது. வண்டியின் உரிமையாளரே ஓட்டி இறந்தால் அது கைகொடுக்காது.

அவருக்கென இருப்பது தனிநபர் விபத்துக் காப்பீடு. இதன் தொகையைக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2018-இல் ரூ.15 லட்சமாக உயர்த்தியது. அதுவரை இருசக்கர வாகனங்களுக்கு இது வெறும் ரூ.1 லட்சம். உரிமையாளரே ஓட்டியிருக்க வேண்டும், செல்லத்தக்க ஓட்டுநர் உரிமம் இருக்க வேண்டும், மது அருந்தியிருக்கக் கூடாது. விபத்தில் தவறு யாருடையது என்பது இங்கே கேள்வியே அல்ல. ஆனாலும், இப்படியொரு தொகை உண்டு என்பதை அறியாத குடும்பங்கள் ஏராளம். புதிய வண்டி வாங்கும்போது மூன்றாம் தரப்புக் காப்பீட்டை ஐந்தாண்டுக்கு எடுத்துவிட்டு, இதை மட்டும் ஓராண்டோடு விட்டுவிடுவதும் உண்டு. துக்க வீட்டுக்கு வரும் முப்பது நண்பர்களில் இருவராவது அந்தக் காப்பீட்டுப் பத்திரத்தைத் தேடி எடுத்து, விண்ணப்பத்தைப் பூர்த்திசெய்ய உட்கார வேண்டும்.

துக்கம் விசாரணையாக மாறினால் என்ன நடக்கும் என்பதற்கு நம் நாட்டிலேயே முன்னுதாரணம் இருக்கிறது. 2007-இல் டெல்லியில் 17 வயது மாணவர் ஒருவர் விபத்தில் அடிபட்டுச் சாலையோரம் கிடந்து, உதவிக்கு எவரும் வராமல் இறந்தார். அவருடைய உறவினரான பியூஷ் திவாரி, மறுஆண்டு 'சேவ்லைஃப்' அறக்கட்டளையைத் தொடங்கினார். ஏன் எவரும் உதவவில்லை என்று அவர் கேட்டார். காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் அலைய நேருமே என்ற அச்சம்தான் பதில். அந்த அமைப்பு தொடுத்த வழக்கில், விபத்தில் உதவுவோரைக் காக்கும் வழிகாட்டு நெறிகளுக்கு 2016-இல் உச்ச நீதிமன்றம் சட்ட வலு அளித்தது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ என்ற பிரிவாகவே அது சேர்ந்தது. கோவையின் எலும்பு அறுவை சிகிச்சை நிபுணர் எஸ்.ராஜசேகரன் 2012-இல் தொடுத்த பொதுநல வழக்கும் அப்படித்தான். விபத்தில் அடிபட்டோருக்குக் கட்டணமில்லாச் சிகிச்சை அளிக்கும் திட்டத்தை வகுக்குமாறு 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மத்திய அரசுக்கு உத்தரவிட்டது அந்த வழக்கில்தான். அதே ஆண்டு மே மாதம், ஏழு நாள்களுக்கு ரூ.1.5 லட்சம் வரை சிகிச்சை என்று திட்டம் அறிவிக்கையானது. முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கான தமிழகத்தின் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் 2021 டிசம்பரிலேயே வந்துவிட்டது.

சட்டத்தில் இன்னொரு பிரிவு ஏறக்குறைய தூசி படிந்து கிடக்கிறது. 2019 திருத்தம் கொண்டுவந்த 198ஏ. சாலையின் வடிவமைப்பிலோ பராமரிப்பிலோ உரிய தரத்தைப் பின்பற்றாததால் மரணமோ ஊனமோ நேர்ந்தால், பொறுப்பான அதிகாரிக்கும் ஒப்பந்ததாரருக்கும் ரூ.1 லட்சம் வரை அபராதம். எச்சரிக்கைப் பலகை இருந்ததா என்பதையும் நீதிமன்றம் கருத வேண்டும் என்கிறது அந்தப் பிரிவு. ஓர் உயிருக்கு ஒரு லட்சம் என்பது அற்பம். அதையும் எவரும் கேட்காமலிருப்பது அதனினும் அற்பம். கேட்பதற்குரிய சான்றுகளைக் கையில் வைத்திருப்பவர்கள் பைக் பயணிகள். எந்தத் திருப்பத்தில் ஜல்லி சிதறிக் கிடக்கிறது, எந்தப் பாலத்தின் இணைப்பு உயர்ந்து நிற்கிறது என்பதை நெடுஞ்சாலைப் பொறியாளரைவிட அவர்கள் நன்கறிவார்கள். பயணத்தின் ஒவ்வொரு நொடியும் பதிவாகியிருக்கிறது.

அந்தக் கேமராக்கள் வேறு எதற்கும் பயன்படுகின்றன என்பதையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. 2023 மே மாதம் யமுனா விரைவுச் சாலையில் மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தைத் தொட முயன்ற இளம் யூடியூபர் ஒருவர் உயிரிழந்தார். அதே ஆண்டு செப்டம்பரில் காஞ்சிபுரம் அருகே சாகசம் செய்து விழுந்த இன்னொருவரின் ஓட்டுநர் உரிமம் பத்தாண்டுகளுக்கு ரத்தானது. இவர்களுக்குக் கைதட்டிய கூட்டமும் நம்முடையதுதான். விசாரணை என்றால் விடை எதுவாயினும் ஏற்க வேண்டும். சில மரணங்களில் விடை வேகமாகவே இருக்கும். அப்போது அதையும் குழு தன் வாயால் சொல்ல வேண்டும். எல்லா மரணத்திலும் சாலையைக் குற்றம் சாட்டுவது, எல்லா மரணத்திலும் ஓட்டியவரைக் குற்றம் சாட்டும் காவல் நிலைய வழக்கத்தின் மறுபக்கம்.

2022-இல் இறந்த இருசக்கர வாகனப் பயணிகள் 74,897 பேர். நாளொன்றுக்கு 205 பேர். தலைக்கவசம் அணியாமல் இறந்தவர்கள் மட்டும் 50,029 பேர். இந்தக் கூட்டத்தில் விலையுயர்ந்த வண்டியும் கவச உடையும் கொண்ட நெடும்பயணிகள் மிகச் சிறு துளியாகத்தான் இருக்க முடியும். மற்றவர்களுக்குக் குழு இல்லை, கேமரா இல்லை, முன்வரிசையில் காலியிடம் விடுவாரும் இல்லை.

எங்கள் நண்பர் இறந்த இடத்தைப் பற்றித் தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்தோம். பதில் வர இரண்டு மாதங்கள் ஆயின. அவருக்கு முன்பே, ஐந்து மாத இடைவெளியில், அதே திருப்பத்தில் இருவர் இறந்திருக்கிறார்கள். ஒருவர் கொத்தனார், மற்றவர் மொபெட்டில் பால் கேன் எடுத்துச் சென்றவர். மூன்று முதல் தகவல் அறிக்கைகளிலும் வாசகம் ஒன்றே. இப்போது மூன்று பேரின் பெயரையும் சேர்த்து, 198ஏ பிரிவில் நடவடிக்கை கோரும் மனு மாவட்ட நிர்வாகத்திடம் இருக்கிறது. பால்காரரின் வண்டிக்குக் காப்பீடு இருந்ததா என்று அவருடைய மனைவிக்குத் தெரியவில்லை. பதிவு எண்ணை வைத்துக் குழுவில் ஒருவர் தேடிக்கொண்டிருக்கிறார்.