அணுத்தடத் தகடும் திருவனந்தபுரத்து வெயிலும்

கேரளக் கடற்கரைக் கருமணலில் மோனசைட் தாது கலந்திருப்பதை ஷாம்பெர்க் என்னும் ஜெர்மானியர் 1909ஆம் ஆண்டில் கண்டறிந்தார். அத்தாதுவிலுள்ள தோரியம் சிதையும்போது தோரான் என்னும் கதிரியக்க வாயு தோன்றுகிறது. கொல்லம் மாவட்டத்துச் சவரா, நீண்டகரைப் பகுதிகளிலும், திருவனந்தபுரத்திற்குத் தெற்கே மணவாளக்குறிச்சியிலும் இத்தகைய மணற்பரப்பின் மீது மக்கள் குடியிருக்கின்றனர். அவர்தம் வீடுகளில் தோரானும் ரேடானும் எவ்வளவு உள்ளன என்பதை அளக்க எல்.ஆர்.-115, சி.ஆர்.-39 முதலிய பிளாஸ்டிக் தகடுகள் பயன்படுகின்றன.

தகட்டில் ஆல்பாத் துகள் பாயும்போது, அதன் வழியிலுள்ள நீண்ட மூலக்கூற்றுச் சங்கிலிகள் அறுபடுகின்றன. பின்னர் 60 அல்லது 70 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள காஸ்டிக் சோடாக் கரைசலில் தகட்டை இட்டால், அறுபட்ட இடம் விரைவாகக் கரைந்து குழியாகிறது. குழிகளை நுண்ணோக்கியால் எண்ணி வாயுவின் அளவு கணிக்கப்படுகிறது.

ஆனால், சங்கிலியை அறுக்கும் ஆற்றல் புற ஊதா ஒளிக்கும் உண்டு. வெயிலில் கிடந்த நைலான் வலை வலுவிழப்பதை மீனவர் நன்கறிவர். தகட்டின் மேற்பரப்பு முழுவதும் ஒளியால் பழுதுபட்டால், அது கரையும் வேகம் மாறுகிறது. குழியின் அளவும் எண்ணிக்கையும் அதற்கேற்பப் பிறழக்கூடும். பாலிகார்பனேட்டில் துகள் பாய்ந்தபின், காற்றிலுள்ள ஆக்சிஜன் துணையுடன் புற ஊதா ஒளி தடத்தை மேலும் விரைவாகக் கரையச் செய்கிறது. மங்கிய தடங்களைத் தெளிவாக்க ஆராய்ச்சியாளர் இதனை வேண்டுமென்றே கையாள்வதுண்டு. எனவே, எல்லாத் தகடுகளுக்கும் பொருந்தும் ஒரே திருத்தம் கூறுதல் இயலாது.

இங்கு ஒன்று சிந்திக்கத்தக்கது. ஆய்வுக்கூடச் சோதனைகள் பலவற்றில் 254 நானோமீட்டர் அலைநீளமுள்ள பாதரச விளக்கே பயன்படுகிறது. ஆனால், ஏறத்தாழ 290 நானோமீட்டருக்குக் குறைந்த சூரிய ஒளியை ஓசோன் படலம் தடுத்துவிடுகிறது. ஆகவே, விளக்கின்கீழ்ப் பெற்ற முடிவை வெயிலுக்கு அப்படியே ஏற்றிக் கூறுதல் முறையன்று. திருவனந்தபுரத்தில் ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்டு இறுதியிலும் நண்பகற் சூரியன் ஏறத்தாழத் தலைக்கு நேரே நிற்கிறது. அவ்வெயிலிலேயே தகடுகளைச் சோதித்தல் வேண்டும்.

பெட்டிக்குள் வைக்கும் தகட்டிற்கு வெயில் ஏது எனச் சிலர் வினவலாம். மூடிய பெட்டிக்கு அது பெரும்பாலும் பொருந்தும். ஆயினும், திறந்த நிலையில் சன்னலருகே தொங்கும் தகட்டிற்கும், பிரயாணத்தில் உறையின்றிக் கிடக்கும் தகட்டிற்கும் பொருந்தாது. சன்னற் கண்ணாடி குறைந்த அலைநீளங்களைத் தடுப்பினும், நீண்ட அலைநீளமுள்ள புற ஊதா ஒளியில் பெரும்பகுதியை உள்ளே விடுகிறது.

களப்பணியாளர் செய்யவேண்டுவன சிலவே. தகடுகளை ஒளிபுகா உறையில் கொண்டுசெல்லுதல் வேண்டும். தொங்கவிட்ட இடத்தையும், அங்கு வெயில் படும் நேரத்தையும் அட்டையில் குறித்தல் வேண்டும். அதே தொகுதியைச் சேர்ந்த ஒரு தகட்டை உறையிலேயே வைத்திருந்து, மற்றவற்றோடு சேர்த்துக் கரைத்து, இரண்டும் கரைந்த கனத்தை ஒப்பிடுதல் வேண்டும். வேறுபாடு மிகுந்தால் அவ்வெண்ணிக்கையை ஒதுக்குவதே நேர்மை. இதே ஒப்பீட்டைப் பள்ளியில் சாதாரண பிளாஸ்டிக் தாளைக் கொண்டு ஆசிரியர் விளக்கலாம்: ஒன்றை வெயிலிலும் மற்றொன்றை இருளிலும் சில மாதங்கள் வைத்து, வளைத்துப் பார்த்தாலே போதும்.

பிழையான எண் ஒரு குடும்பத்திற்கு வீண் அச்சத்தையோ பொய்யான ஆறுதலையோ தரும். ஆய்வுக்கூடத்து நுண்ணோக்கி எத்துணைச் சிறந்ததாயினும், களத்தில் வெயில் செய்த பிழையை அது தானாகத் திருத்தாது.