கரியமில வாயுவும் நம் கடனும்

விறகையும் நிலக்கரியையும் எரிக்க எழும் புகை ஆகாயத்திற் கலந்து ஒழிந்துபோம் என்றே மனிதர் நெடுங்காலம் எண்ணியிருந்தனர். அது கண்ணுக்கு மறைந்ததேயன்றி ஒழிந்துபோகவில்லை. யந்திரத் தொழில் பெருகுமுன் காற்றின் பத்து லக்ஷம் பங்கில் ஏறக்குறைய 280 பங்காயிருந்த கரியமில வாயு, இன்று 420 பங்குக்கு மேற்பட்டுவிட்டது. பூமியின் உஷ்ணம் ஏறுவதற்கு இதுவே தலையாய காரணம். ஆயின், கலந்ததை மீண்டும் பிரித்தெடுத்தலாகாதோ என்று நாம் வினவுவது இயல்பே.

பிரித்தெடுக்கலாம் என்பதற்கு ஐஸ்லாந்து தேசமே சாட்சி. அங்கு 2021-ஆம் ஆண்டில் 'ஆர்க்கா' என்னும் யந்திரசாலை தொடங்கப்பெற்றது. பெரிய விசிறிகள் காற்றை உள்ளிழுக்க, அதிலுள்ள கரியமில வாயு ஒருவகை வடிகட்டியிற் பற்றிக்கொள்ளுகிறது. வடிகட்டியைச் சூடேற்றின் வாயு தனியே பிரிகிறது. அதனை நீரிற் கரைத்துப் பூமியினுள்ளே எரிமலைப் பாறைகளிற் செலுத்துகின்றனர்; இரண்டே ஆண்டுகளில் அதன் பெரும்பகுதி கல்லாகிவிடுகிறது! இதற்கு வேண்டும் வெப்பமும் மின்சாரமும் நிலத்தடிச் சூட்டினின்றே கிடைக்கின்றன. இத்தகைய அறிவு முயற்சியை வியவாதார் யார்?

எனினும், வியப்போடு கணக்கும் வேண்டும். 2024-ஆம் ஆண்டில் அதனருகே தொடங்கிய 'மாம்மத்' என்னும் பெரிய சாலை, ஆண்டுக்கு 36,000 டன் வாயுவை அகற்றுமாறு வகுக்கப்பட்டது. உலகமோ நிலக்கரி, எண்ணெய் முதலியவற்றை எரித்து ஆண்டொன்றுக்குச் சுமார் 3,700 கோடி டன் வெளியிடுகிறது. ஆகவே, அச்சாலை வகுத்த அளவை முற்றும் எட்டினும், அதன் ஓராண்டு உழைப்பு உலகத்தார் அரை நிமிஷத்தில் விடும் புகைக்கே ஈடாகும்.

இதனால் அம்முயற்சி வீண் என்று கூறுவோமல்லேம். சிமெண்டுத் தொழில் போன்றவற்றில் எழும் வாயுவை முற்றும் தடுப்பது அரிது. முன்னோர் விட்ட புகையோ ஏற்கெனவே காற்றில் உள்ளது. இவற்றை அகற்ற வேறு வழி எளிதன்று. நாம் அஞ்சுவது ஒன்றே: அகற்றும் வித்தை, மேன்மேலும் எரிப்பதற்கு அனுமதிச் சீட்டாகிவிடலாகாது. 2023-ஆம் ஆண்டில் ஆக்ஸிடென்டல் என்னும் அமெரிக்க எண்ணெய்க் கம்பெனி, இத்தொழிலில் முன்னணியில் நின்ற கார்பன் எஞ்சினியரிங் கம்பெனியைச் சுமார் 110 கோடி டாலருக்கு வாங்கிற்று. பிரித்த வாயுவைப் பழைய கிணறுகளிற் செலுத்தி மேலும் எண்ணெய் எடுக்கும் முறையும் அத்தொழிலாருக்குப் புதிதன்று. வைத்தியனே நோயை வளர்த்தால் நோயாளி பிழைப்பதெங்ஙனம்?

ஆதலின், அரசாங்கங்கள் இரண்டு கணக்குகளை வேறு வேறாக வைத்தல் வேண்டும் என்பது நம் துணிபு. புகையைக் குறைத்தது ஒரு கணக்கு. கலந்த வாயுவை அகற்றியது மற்றொரு கணக்கு. ஒன்றன் குறையை மற்றொன்றால் நிரப்ப இடங்கொடுத்தலாகாது. ஒரு டன்னை அகற்றப் பல நூறு டாலர் செலவாகிறது. அச்செலவையும் மிகுதியாய்ப் புகைவிட்டுச் செல்வம் பெருக்கிய தேசங்களே முதற்கண் ஏற்றல் நீதியாம். பழங்கடனை அடைக்கும்போதே புதுக்கடன் வாங்குபவன் கடனாளியாகவே இருப்பான். ரசாயனமும் பொறியியலும் கற்கும் நம் மாணவர் இவ்வித்தையில் வல்லவராதல் நன்று. அக்கணக்கை நேர்மையோடு எழுதக் கற்றல் அதனினும் நன்று.